நாற்பது கூடை மண்

இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே இதில் ஒரு சந்தேகம் இருந்தது. ஒன்பது வருஷமாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது.

வண்டிகள் சேர்ந்து போகிற கான்வாய் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எல்லா வண்டியும் வந்து சேர்ந்து, போலீஸ்காரர் கையைக் காட்டினால்தான் காட்டுக்குள் விடுவார்கள். அவசரம் என்று சொல்லிப் பார்த்தேன். என் தங்கச்சி போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நாளைக் காலை ஆபரேஷன் என்று சொன்னேன். எல்லாருக்கும் அவசரம்தான், போய் உட்காருங்கள் என்றார். அவரைச் சொல்லி என்ன.

பள்ளத்தில் கத்துகிறதே, அதைக் கேட்டுத்தானே நீங்கள் பேச்சை ஆரம்பித்தீர்கள்? 'நம்ம மதுரைப் பக்கத்துத் தவளை மாதிரியே இருக்கே' என்றீர்கள். மாதிரி இல்லை ஐயா. அது உங்கள் ஊர்த் தவளையேதான். இந்தத் தீவில் முன்னால் அது கிடையாது. நான் இங்கேயே பிறந்தவன், ஐம்பத்தாறு வயசாகிறது. என் நாற்பத்தைந்து வயசு வரைக்கும் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. இங்கே இருந்த தவளை உள்ளங்கைக்குள் அடங்கும். இது ஒரு செருப்பு அளவு இருக்கிறது. முதல் மழைக்கு ஆண் தவளை மஞ்சளாக மாறி, குளம் முழுக்க எலுமிச்சம்பழம் மிதக்கிற மாதிரி நிற்கும்.

இது எப்படி வந்தது என்று எங்கள் ஊர் வெட்டுநாலாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாசிலாமணி கொண்டுவந்தான் என்று சொல்வார்கள். மாசிலாமணி என் தங்கச்சி செண்பகத்தின் வீட்டுக்காரர். என்னைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். நேற்று வரைக்கும் அப்படித்தான் சொன்னேன்.

கேளுங்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு குளம் உண்டு. இருபதடி, முப்பதடிதான், பெரிதாக ஒன்றும் இருக்காது. அதில் கட்லா, ரோகு மீன் விடுவோம். குஞ்சு இங்கே கிடைக்காது. கல்கத்தாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும். பிளாஸ்டிக் பையில் பாதி தண்ணீர், பாதி காற்று அடைத்து வரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆவணி மாசம் ஒரு ஏஜென்ட் ஜீப் நிறையப் பை கொண்டுவந்தான். நான் இரண்டு பை எடுத்தேன். மாசிலாமணி ஒரு பை எடுத்தார். ஊரில் இன்னும் நாலைந்து பேர் எடுத்தார்கள்.

பையை அப்படியே உடைத்துக் கொட்டக் கூடாது. முதலில் குளத்தில் மிதக்க விட வேண்டும். பைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு வாயை அவிழ்க்க வேண்டும். பொறுமைசாலிகள் இன்னொன்றும் செய்வார்கள். துணியில் வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் விட்டு, வேறு எதாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அந்தப் பொறுமை ஒருத்தருக்குத்தான் உண்டு. மாசிலாமணிக்கு. செண்பகத்தின் பழைய மெல்லிய நூல் புடவையைக் கட்டி, அண்டாவில் விட்டு, ஒவ்வொரு குஞ்சாகப் பார்ப்பார். மூன்று மணி நேரம் பார்ப்பார். நான் அந்தப் பக்கம் போகும்போது கிண்டல் செய்வேன்.

"என்ன மாப்ள, மீனுக்குப் பொண்ணு பாக்கறீங்களா?"

"பாக்கணும்ல மச்சான். ஒருதடவை உள்ள போயிட்டா அப்புறம் யாரு கூப்பிட்டாலும் வெளிய வராது" என்பார்.

இப்போது புரிகிறதா, என் சந்தேகம் எங்கே ஆரம்பித்தது என்று? மூன்று மணி நேரம் வடிகட்டுகிற மனுஷன் குளத்தில் எப்படித் தவளை வரும்? இதை நான் ஒன்பது வருஷமாகக் கேட்டேன். எனக்குள்ளேயே கேட்டேன். வெளியே ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நேரமும் கிடையாது. அப்போது மரம் வெட்டும் முகாமில் கூலி வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவேன். பை இரண்டையும் குளத்தில் போட்டுவிட்டு, 'அரை மணி கழிச்சு அவிழ்த்து விடு' என்று இசக்கியிடம் சொல்லிவிட்டு லாரி ஏறிவிட்டேன். இசக்கியம்மாள் என் பெண்டாட்டி. திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, நமக்கு அதிர்ஷ்டம். பையில கெளுத்திக் குஞ்சும் கலந்து வந்திருக்கு. கருப்பா, தலை பெருசா, நிறையக் கிடக்கு."

கெளுத்தி என்றால் கட்லாவை விட இரண்டு பங்கு விலை. நானும் குளத்தில் எட்டிப் பார்த்தேன். கருப்பாகக் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தது.

"மீசையைக் காணோமேடி?"

"குஞ்சுக்கு எப்படிங்க மீசை இருக்கும்? உங்களுக்கே இருபது வயசுலதான் வந்துச்சுன்னு உங்க அம்மா சொல்லுவாங்க."

அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அவள் அப்படிப்பட்டவள். சூதுவாது தெரியாதவள். அவள் ஒன்று சொன்னால் ஊர் நம்பும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் வைகாசியில் முதல் மழை பெய்தது. ஊரே விழித்துக்கொண்டது. மாடு கத்துகிற மாதிரி சத்தம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பிமல்தா, வங்காளி, டார்ச்சைப் போட்டுப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்தார்.

"ஆவுடை பாய், உங்க ஊர்க்காரங்க வந்து இறங்கிட்டாங்க. நாங்க நாலு நாள் வரிசையில நின்னாலும் கப்பல் டிக்கெட் கிடைக்க மாட்டேங்குது. இவங்க டிக்கெட்டே இல்லாம வந்துட்டாங்க பாரு."

முதல் வருஷம் சிரித்தோம். இரண்டாம் வருஷம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இசக்கியின் வாத்துக்குஞ்சு பதினொன்றில் இரண்டுதான் மிஞ்சியது. ஒரு தவளை வாயிலிருந்து வாத்துக்குஞ்சின் இரண்டு கால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கோழிக்குஞ்சு போனது, மீன்குஞ்சு போனது. என் குளத்தில் முந்தின வருஷமே கட்லா பாதிதான் தேறியிருந்தது. அதைக் கெளுத்தி தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லார் குளத்திலும் அதே கதி. குளத்தை நம்பித்தான் பாதி வீடு.

அப்போதுதான் ஊரில் தவளைக் கமிட்டி போட்டோம். நான் தலைவர். ஏன் என்னைப் போட்டார்கள் என்றால், நான் யாருக்கும் சாய மாட்டேன் என்று ஊருக்குத் தெரியும். தற்பெருமைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அதை நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்பதும் உண்மைதான்.

என்னவெல்லாம் செய்தோம் தெரியுமா? மழை பெய்த மறுநாள் காலையில் பெண்கள் கொசுவலையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கி முட்டைப் படலத்தை வாரிக் கரையில் காயப்போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஆண்கள் சாக்கோடு இறங்க வேண்டும். வீட்டுக்கு இருபது தவளை. பிடித்ததைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினோம். அவசரத்தில் இந்தத் தீவின் சின்னத் தவளைகளையும் சேர்த்துப் போட்டோம். எண்ணிக்கை சேர வேண்டுமே! ஒருதடவை சாக்கு அவிழ்ந்து ரேஷன் கடைக்குள் நாற்பது தவளை புகுந்துவிட்டது. அரிசி மூட்டை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. "கார்டு இருக்கான்னு கேளுங்க" என்றார் பிமல்தா.

குறையவில்லை ஐயா. பிடிக்கப் பிடிக்கக் கூடியது. ஒரு தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாங்கள் அறுபது வீடு. எங்கே போவோம்? உடம்பெல்லாம் சேறு, கையெல்லாம் சுண்ணாம்பு வெந்த புண். ஆட்களுக்கு ஆத்திரம் வந்தது. தவளை மேல் எத்தனை நாளைக்கு ஆத்திரப்பட முடியும்? மனுஷன் மேல்தான் திரும்பும்.

யார் குளத்தில் முதலில் வந்தது என்று கேட்க ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் நான்தான் யோசனை சொன்னேன். ஆமாம், நான்தான். 'எந்தக் குளத்துல முதல்ல வந்துச்சோ அந்தக் குளத்தை மண்ணைப் போட்டு மூடுவோம். வேரை வெட்டினா மரம் சாயும்' என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

"சரி, முதல்ல பார்த்தது யாரு?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

அப்போது இசக்கி எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் பார்த்தேன். குஞ்சு விட்ட அந்த வருஷமே. புல்லறுக்கப் போறப்ப. மாசிலாமணி அண்ணன் குளத்துலதான் கால் முளைச்ச தலைப்பிரட்டை கிடந்துச்சு."

சொந்த நாத்தனார் வீட்டைப் பற்றி ஒருத்தி பொய் சொல்வாளா? எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அவள் சொன்னதால்தான் அது உண்மை ஆனது. வேறு யாராவது சொல்லியிருந்தால் விசாரித்திருப்போம்.

மாசிலாமணி எழுந்தார். சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், உங்க குளத்தைப் பார்த்தீங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மாட்டிக்கொண்டவன் அடுத்தவனை இழுக்கிறான் என்று நினைத்தேன்.

"என் குளத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் மாப்ள. கெளுத்தி இருக்கு. நீங்க உங்க புடவையை ஒழுங்காப் பிடிச்சிருந்தா ஊருக்கு இந்தக் கதி வந்திருக்காது."

கூட்டம் சிரித்தது. புடவை என்றதும் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி வீடு என்றும் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொன்னேன் என்று பெயர். ஒருத்தர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் குளத்தை அவர்கள் கூலி வைத்து வெட்டவில்லை. கல்யாணமான புதிதில், இரண்டு கோடைக்காலம், புருஷனும் பெண்டாட்டியுமாக வெட்டினார்கள். செண்பகம் மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு மண் சுமந்தாள். நான் திட்டினேன். 'விடுண்ணே, பிள்ளை பொறக்கும்போதே நீச்சலோட பொறக்கும்' என்று சிரித்தாள். அவர்களுக்கு நிலம் கிடையாது. தோப்பு கிடையாது. இருந்தது அந்தத் தண்ணீர்தான்.

மூடுகிற நாளில் வீட்டுக்கு இருபது கூடை மண் என்று முறை வைத்தோம். புருஷன் பத்து, பெண்டாட்டி பத்து. இல்லை, தப்பாகச் சொல்கிறேன். ஆளுக்கு இருபது. வீட்டுக்கு நாற்பது. முதல் கூடை கமிட்டித் தலைவர் கொட்ட வேண்டும். இசக்கி வரவில்லை. வயிற்று வலி என்று படுத்துவிட்டாள். தலைவர் வீட்டிலேயே குறைந்தால் ஊர் பேசாதா? அவள் பங்கையும் சேர்த்து நாற்பது கூடை நானே கொட்டினேன்.

நான் போனபோது செண்பகம் குளத்துக்குள் நின்றாள். இடுப்பளவு தண்ணீர். வெளியே வர மாட்டேன் என்றாள். நாங்கள் கூடையோடு கரையில் நிற்கிறோம், அறுபது வீட்டு ஆட்கள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்க குளத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னு நீ நம்புறியா? மத்தவங்களை விடு. நீ நம்புறியாண்ணே?"

நான் தலைவர். கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். சேற்றில் கால் வழுக்கி இரண்டு பேருமே விழுந்தோம். எழுந்து மறுபடியும் இழுத்தேன். அவள் வளையல் உடைந்து என் உள்ளங்கையில் ஏறியது. இதோ பாருங்கள், தழும்பு. பிறகு கூடையை எடுத்தேன்.

என்ன ஆனது தெரியுமா? குளத்தை மூடினால் தவளை செத்தா போகும்? அதற்கு நடக்கத் தெரியும். மண் விழ விழ ஒவ்வொன்றாகக் கரையேறி, அறுபது வீட்டுப் பக்கமும் போய்விட்டது. அதுவரை அதிகம் இல்லாத மேட்டு வீடுகளுக்கும் போனது. அடுத்த மழைக்குச் சத்தம் இரண்டு மடங்கு. ஆனால் குளத்தை மூடியது தப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. 'சீக்கிரமே மூடியிருக்கணும்' என்றார்கள். நானும் சொன்னேன். கமிட்டி மட்டும் மெல்ல மெல்ல நின்றுபோனது. சாக்குகள் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இன்னும் கிடக்கின்றன.

செண்பகமும் மாசிலாமணியும் குளத்தை மூடின மாசமே போர்ட் பிளேருக்குப் போய்விட்டார்கள். அவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அவள் மார்க்கெட்டில் உட்கார்ந்து அடுத்தவர் வாங்கின மீனை வெட்டிக் கொடுக்கிறாள். ஒன்பது வருஷம் பேச்சு இல்லை. அவள் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதைக்கூட பிமல்தாதான் சொன்னார். அன்றைக்கு இசக்கி சாப்பிடவில்லை. நாத்தனார் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன் ஐயா. என்னை என்ன சொல்கிறீர்கள்?

ஏன் கேட்கவில்லை என்று கேட்பீர்கள். வடிகட்டினவர் குளத்தில் எப்படி வந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கலாம் என்று வாயெடுப்பேன். அவள் ஏதாவது வேலையாக எழுந்து போய்விடுவாள். நானும் விட்டுவிடுவேன். பதில் தெரியாத வரைக்கும் நான் நாற்பது கூடை மண் போட்ட நியாயஸ்தன். தெரிந்துவிட்டால் நான் யார்?

நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது. மாசிலாமணி. குரல் அப்படியேதான் இருந்தது.

"மச்சான், நான்தான். செண்பகத்துக்குக் கர்ப்பப்பையில கட்டி. முத்திப்போச்சாம். நாளன்னிக்குக் காலையில ஆபரேஷன். டாக்டர் உறுதியா எதுவும் சொல்ல மாட்டேங்குறாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

"அவ உங்களை வரச் சொல்றா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

"என்ன கேக்கணுமாம் மாப்ள?"

"முன்னயே கேட்டதுதானாம். நீங்க இன்னும் பதில் சொல்லலையாம்."

பாருங்கள், அதே கேள்வி. நீ நம்புறியாண்ணே. இன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கட்டில் பக்கத்தில் நான் நிற்பேன். நம்புகிறேன் என்று சொன்னால், கத்திக்குப் போகிற தங்கச்சியிடம் பொய் சொன்னவன். நம்பவில்லை என்று சொன்னால், 'அப்போ யாருண்ணே?' என்று கேட்பாள். கேட்காமல் இருப்பாளா? என்ன சொல்வேன்? நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால்தான் வழியில் பார்த்த உங்களைப் பிடித்து இதையெல்லாம் சொல்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள்.

இரவெல்லாம் படுத்தபடி கணக்குப் போட்டேன். எத்தனை பை, யார் யார் எடுத்தார்கள், யார் வடிகட்டினார்கள், யார் லாரி ஏறினார்கள். பதினோரு வருஷமாக வீசின வலையை எல்லாம் மனசுக்குள் மறுபடி வீசி இழுத்துப் பார்த்தேன். விடியும்போது ஒன்று புரிந்தது. நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் குளத்தைப் பற்றியே கேட்டிருக்கிறேன்.

காலையில் பஸ்ஸுக்கு முன்னால் இசக்கி அடுக்களையில் எனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். 'நாத்தனாருக்கும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க, அவளுக்குப் பிடிக்கும்' என்றாள். நான் நிலைப்படியில் நின்றபடியே கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. சத்தியமாக இல்லை. அவள் டப்பா மூடியை வைத்து அழுத்தினாள். மூடி சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். திரும்பவே இல்லை. பஸ் ஹாரன் கேட்டது. நான் அந்த டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதோ மடியில் இருக்கிறது, இன்னும் சூடாக.

அதோ, போலீஸ்காரர் கையைக் காட்டுகிறார். வண்டி எடுக்கப் போகிறான்.

நான் கேட்டது பெரிய கேள்வி ஒன்றும் இல்லை ஐயா. யார் வீட்டிலும் கேட்கக்கூடிய கேள்விதான்.

"இசக்கி, இந்தப் பதினோரு வருஷத்துல நம்ம குளத்துல ஒரு தடவையாவது நாம கெளுத்தி பிடிச்சிருக்கோமா?"